ஒவ்வொரு ஜாபுக்கும் போன மணி நேரம்: பட்டறைக்கு எந்த மென்பொருள்?

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று புதுச்சேரியில் எந்தத் தொழிற்பேட்டைக்குள் போனாலும் சரி, கடலூரில் செம்மண்டலம் பக்கம் போனாலும் சரி, இருபது முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைகளில் இன்று வாசலில் ஒரு வருகைப் பதிவு இயந்திரம் மாட்டியிருக்கிறார்கள். விரலையோ முகத்தையோ காட்டினால் வந்த நேரமும் போன நேரமும் பதிவாகிவிடும். மாதக் கடைசியில் சம்பளம் போட அது போதும். ஆனால் "போன மாசம் முடிச்ச அந்த எஸ்.எஸ். டேங்குக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபோர்மேன் ஒரு கணக்குச் சொல்வார், முதலாளி மனதில் இன்னொரு கணக்கு இருக்கும், கொட்டேஷனில் எழுதிக் கொடுத்தது மூன்றாவதாக ஒன்று.

அந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் தரக்கூடிய வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: ஜாப் கார்டும் எக்செல்லும், டேலி பிரைம், ஜோஹோ புக்ஸ், ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ. நான் இந்தப் பகுதிப் பட்டறைகளுக்குச் செலவுக் கணக்கு பார்த்துக் கொடுப்பவன். எந்த மென்பொருளையும் விற்பதில்லை, கமிஷனும் கிடையாது.

மனதில் வைத்திருக்கும் பட்டறை இப்படி: மேட்டுப்பாளையத்தில் ஷெட். ஃபிட்டர், வெல்டர், கிரைண்டர், ஹெல்பர், இரண்டு ஃபோர்மேன் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 பேர். டேங்க், பைப்பிங், ஸ்ட்ரக்சர் வேலை. பாதி வேலை ஷெட்டில் நடக்கும், மீதி கடலூர் சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் ஆலைகளுக்குள். ஒரே சமயத்தில் ஏழெட்டு ஜாப் ஓடும். கணக்கு ஏற்கெனவே டேலியில் இருக்கிறது. ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தொடுபவர்கள் இரண்டு பேர். இதைவிடச் சிறிய இடத்துக்கும் வேறு மாதிரித் தொழிலுக்கும் முடிவு மாறும். அதையும் பிறகு சொல்கிறேன்.

மென்பொருளுக்கு முன்னால் ஒரு கூட்டல் கணக்கு

எந்த மென்பொருளை வாங்கினாலும் அதற்குள் நீங்கள் கையால் போட வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு ஆகும் செலவு. இது தப்பாக இருந்தால் எத்தனை அழகான ரிப்போர்ட் வந்தாலும் அத்தனையும் தப்பு. நிறைய பேர் இதை அவசரமாகப் போட்டுவிட்டு, அப்புறம் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள்.

ஒரு வெல்டருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி. 18,000-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 87 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலான கொட்டேஷன்களில் இந்த எண்தான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது மிச்சத்தைச் சேருங்கள். இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 585 ரூபாய். பி.எஃப். 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம், அதோடு காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் தலா அரை சதவீதம்: 1,950. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம். சட்டம் அதற்கு ஒரு சம்பள உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஆனாலும் முழுச் சம்பளத்துக்கும் கொடுக்கும் பட்டறை என்று எடுத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,500. பணிக்கொடைக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் ஒதுக்கினால் மாதம் 865. கூட்டினால் 22,900 பக்கம் வருகிறது.

அடுத்து, வகுக்க வேண்டிய மணி நேரம். பண்டிகை, விடுப்பு போக மாதத்துக்குச் சராசரியாக 24 நாள்தான் ஆள் வேலையில் நிற்கிறார் என்று கொள்ளுங்கள். அந்த 8 மணியிலும் டீ, டூல் தேடுவது, கிரேனுக்குக் காத்திருப்பது, ஷெட்டைப் பெருக்குவது என்று ஒரு மணி நேரம் எந்த ஜாபுக்கும் சேராமல் போகும். மிஞ்சுவது 168 மணி. 22,900-ஐ 168-ஆல் வகுத்தால் 136 ரூபாய்.

87 எங்கே, 136 எங்கே. 400 மணி நேரம் பிடிக்கும் ஒரு ஜாபில் இந்த வித்தியாசம் மட்டும் 19,600 ரூபாய். இதில் கரண்ட், ராடு, கேஸ், ஷெட் வாடகை எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

மேலே நான் பாட்டுக்கு "ஒரு மணி நேரம் எந்த ஜாபுக்கும் சேராமல் போகும்" என்று எழுதிவிட்டேன். உங்கள் பட்டறையில் அது அரை மணியா, இரண்டு மணியா? இதைக் கண்டுபிடிக்கத்தான் ஜாப் வாரியான நேரப் பதிவே தேவைப்படுகிறது. வாசல் இயந்திரம் சொல்லும் மொத்த மணியிலிருந்து, ஜாப்களின் பெயரில் எழுதிய மணியைக் கழித்தால் வருவது அந்த எண். ஒரு மென்பொருளை மதிப்பிடும்போது இந்தக் கழித்தலை அது எவ்வளவு சுலபமாகச் செய்ய விடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வாசல் இயந்திரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கிரைண்டிங், வெல்டிங் செய்பவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும், விரல் வைக்கும் இயந்திரம் அவர்களைப் பாதி நாள் அடையாளமே காணாது. முகம் பார்க்கும் வகையை வாங்குங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தப் பெட்டியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஜாப் கார்டும் எக்செல்லும்

இதை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு அட்டையில் ஜாப் நம்பர், ஆள் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை. சாயங்காலம் ஃபோர்மேன் கையெழுத்து. மறுநாள் காலை ஆபீஸில் ஒருவர் எக்செல்லில் ஏற்றி, மாதக் கடைசியில் பிவட் டேபிள் போட்டால் ஜாப் வாரியாகவும் ஆள் வாரியாகவும் மணி நேரம் வந்துவிடும். செலவு என்றால் அட்டை அச்சடித்த கூலி மட்டும்.

எங்கே உடைகிறது? ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு ஜாபில் எழுதினால் எக்செல் கண்டுகொள்ளாது. ஜாப் நம்பரை ஒருவர் "எம்-41" என்றும் இன்னொருவர் "எம்41" என்றும் அடித்தால் அது இரண்டு ஜாபாகிவிடும். ஏற்றுபவர் லீவு போட்டால் அட்டைகள் டிராயரில் தூங்கும். மூன்று வாரம் தூங்கிய அட்டையை வைத்து யாரிடமும் "இந்த நாலு மணி நேரம் என்ன ஆச்சு" என்று கேட்க முடியாது, அவருக்கே ஞாபகம் இருக்காது. பத்துப் பேருக்குள், நாலைந்து ஜாப் என்றால் இது போதும். 25 பேர் என்றால் ஒரு நாளைக்கு 60, 70 வரி வரும். அங்கேதான் கை சோர்ந்துபோகிறது.

ஆனால் ஒன்று. கீழே எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் காகித அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். காரணம் சைட் வேலையைப் பேசும்போது தெரியும்.

டேலி பிரைம்: கையில் இருப்பதே

நம் ஊரில் கணக்கு என்றாலே டேலிதான். கணக்காளருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும், ஆடிட்டரும் அதையே கேட்பார். அதனால் "இருக்கிற டேலியிலேயே செய்ய முடியாதா?" என்பது நியாயமான கேள்வி. முடியும், ஒரு எல்லை வரைக்கும்.

ஒவ்வொரு ஜாபையும் ஒரு காஸ்ட் சென்டராக, அதாவது செலவைச் சேர்த்து வைக்கும் தனித் தலைப்பாகத் திறக்கலாம். பிளேட் வாங்கிய பில், லாரி வாடகை, சப்-கான்ட்ராக்ட் கூலி எல்லாவற்றையும் பதியும்போதே அந்தந்த காஸ்ட் சென்டருக்கு ஒதுக்கலாம். பேரோல் வசதியைத் திறந்தால் ஆள் வாரியாக வருகையும் ஓ.டி. (மிகை நேர) மணியும் அட்டெண்டன்ஸ் வவுச்சரில் ஏறும், சம்பளம் தானே கணக்காகும். குறை எங்கே என்றால், அந்த அட்டெண்டன்ஸ் வவுச்சர் ஆளையும் மணியையும்தான் கேட்கிறது. அந்த மணி எந்த ஜாபுக்குப் போனது என்று கேட்பதில்லை. ஆக, மொத்தக் கூலியை ஜாப்களுக்குப் பிரித்துப் போடும் விகிதம் வெளியிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து? மறுபடியும் அதே எக்செல்.

இருந்தும் டேலிக்கு ஒரு பெரிய பலம் உண்டு, மற்றவற்றில் அது கிடையாது. இங்கே ஜாபுக்குப் போன கூலி என்பது நிஜமாகவே கொடுத்த சம்பளத்திலிருந்து பிரிந்து வருகிறது. எல்லா ஜாப்களின் கூலியையும் கூட்டினால் லாப நட்டக் கணக்கில் இருக்கும் கூலியோடு ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகும். வங்கியில் உட்கார்ந்து பேசும்போதும் ஆடிட்டர் கேட்கும்போதும் இந்த ஒற்றுமை தரும் நிம்மதி கொஞ்சமல்ல. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பெரிய ஜாப் மட்டும் ஓடும் இடத்தில், ஆட்கள் வாரக்கணக்கில் ஒரே ஜாபில் நிற்பார்கள் என்றால், எனக்கு டேலி போதும்.

ஜோஹோ புக்ஸ்: போன் வைத்திருப்பவர்களுக்கு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் பொருள். நம் ஜி.எஸ்.டி. முறை அதில் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. நேரப் பதிவு கணக்கு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது: புராஜெக்ட் திறந்து, அதற்குள் டாஸ்க் பிரித்து, போனிலோ கம்ப்யூட்டரிலோ டைமரைத் தட்டினால் ஓடத் தொடங்கும். பில் போட நான்கு வழி வைத்திருக்கிறார்கள். மொத்த வேலைக்கு நிலையான தொகை, புராஜெக்ட் மணிக்கு ஒரு ரேட், டாஸ்க் மணிக்கு ஒரு ரேட், ஆளுக்கு ஒரு ரேட். இன்னும் பில் போடாத மணி நேரம் எவ்வளவு என்று தனியாகக் காட்டும், அதை அப்படியே இன்வாய்ஸாக மாற்றலாம்.

டிராயிங் ஆபீஸ், ஆர்க்கிடெக்ட், ஏ.சி. சர்வீஸ், ஐ.டி. சப்போர்ட் மாதிரி மணிக்கணக்கில் பில் போடும் தொழிலுக்கு இதைவிட நேர்த்தியானது இல்லை என்பேன். நம் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்கு வந்தால் கதை வேறு. நேரம் எழுத வேண்டிய ஒவ்வொருவரும் மின்னஞ்சல் அழைப்பு வழியாக உள்ளே வரும் ஒரு பயனராக இருக்க வேண்டும். பயனர் எண்ணிக்கை நீங்கள் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்தது, கூடுதல் ஆளுக்குக் கூடுதல் பணம். மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத 20 பேருக்குக் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டு மறந்த கதையைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? தவிர, நம் பட்டறை மணிக்குப் பில் போடுவதில்லை. டன்னுக்கோ, இன்ச்-டயாவுக்கோ (பைப் வெல்டின் விட்டக் கணக்கு), மொத்தத் தொகைக்கோதான் பி.ஓ. (வாடிக்கையாளரின் கொள்முதல் ஆணை) வருகிறது. மணி நேரம் நமக்குத் தேவைப்படுவது செலவைத் தெரிந்துகொள்ளத்தான். ஜோஹோ புக்ஸின் அழகெல்லாம் பில் பக்கம்தான் இருக்கிறது.

ஈஆர்பிநெக்ஸ்ட்: வேலைத் தளத்திலிருந்து தொடங்குவது

மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய திறமூல மென்பொருள். ஜி.பி.எல். உரிமத்தில் வருவதால் ஆளுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கிடையாது. சொந்தமாகச் சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது மாதக் கட்டணம் கட்டி அவர்களுடைய கிளவுடிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நம் வேலைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், முதலில், இங்கே தொழிலாளி வேறு, பயனர் வேறு. 25 பேரையும் தொழிலாளிகளாகப் பதிந்துவிட்டு, ஃபோர்மேன் ஒருவரும் ஆபீஸ் ஆள் ஒருவரும் மட்டும் லாகின் வைத்துக்கொண்டு, எல்லோருடைய டைம்ஷீட்டையும் அவர்களே ஏற்றலாம். டைம்ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஆக்டிவிட்டி வகை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணி நேரம், எந்த புராஜெக்ட், எந்த டாஸ்க் என்று கேட்கும். ஒரே ஆளுக்கு இரண்டு ஜாபில் ஒரே நேரம் விழுந்தால், நீங்களாக அமைப்பில் போய் அந்தச் சோதனையை நிறுத்தி வைத்திருந்தால் ஒழிய, ஏற்க மறுக்கும். எக்செல் விட்ட ஓட்டையை இது அடைக்கிறது.

அடுத்தது, ஆளுக்கும் ஆக்டிவிட்டிக்கும் சேர்த்து மணிக்கு இவ்வளவு செலவு என்று தனித்தனியாகப் பதியலாம். அதே வெல்டருக்குச் சாதாரண வேலைக்கு ஒரு ரேட், ஓ.டி.க்கு வேறு ரேட். இது சின்ன விஷயமில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் தொடங்கி 2020-இல் வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை, மிகை நேரத்துக்கு இரு மடங்கு கூலி என்பது மாறவில்லை. அந்தக் கூடுதல் ஒரு மடங்கை யார் தலையில் கட்டுவது? பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் "ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிச்சாகணும்" என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் ஓ.டி. என்றால், அது அந்த ஜாபின் செலவு. நம் ஷெட்டில் கிரேன் கெட்டு இரண்டு நாள் போனதால் ஓ.டி. என்றால், அன்று ராத்திரி கையில் இருந்த ஜாபின் மேல் அதைப் போடுவது அநியாயம், பொதுச் செலவில்தான் போக வேண்டும். "ஓ.டி. வாடிக்கையாளர்", "ஓ.டி. நம்மால்" என்று இரண்டு ஆக்டிவிட்டி வைத்தால் வேலை முடிந்தது.

புராஜெக்ட் பக்கத்தைத் திறந்தால் டைம்ஷீட் வழியாக வந்த கூலி, கொள்முதல் பில் வழியாக வந்த பொருள் செலவு, ஸ்டோரிலிருந்து எடுத்த பொருள், பில் போட்ட தொகை, மிச்சம் எவ்வளவு, எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம் என்பதுதான் இதன் ருசி. முடிந்த பிறகு நட்டம் தெரிந்து என்ன பயன்?

இதிலேயே ஜாப் கார்டு என்று இன்னொன்றும் இருக்கிறது. உற்பத்திப் பகுதியில் ஒர்க் ஆர்டர் போட்டால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு கார்டு வரும், அதில் தொடங்கு, நிறுத்து, முடி என்று பொத்தான்கள். ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் மெஷின் ஷாப்புக்கு அது அருமை. நம் மாதிரி ஒவ்வொரு டேங்கும் ஒவ்வொரு அளவில் வரும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் பொருள் பட்டியலும் ஆபரேஷன் வரிசையும் எழுதி முடிப்பதற்குள் டேங்கே முடிந்துவிடும். விற்க வருபவர் முதலில் அந்தத் திரையைத்தான் காட்டுவார். பார்த்து மயங்க வேண்டாம், புராஜெக்டும் டைம்ஷீட்டும் போதும்.

இனி இதன் பெரிய குறை. டைம்ஷீட் வழியாக ஜாபில் ஏறும் கூலி என்பது நீங்கள் போட்ட ரேட்டை மணியால் பெருக்கிய எண்தான். அது பேரேட்டில் எந்தப் பதிவையும் போடாது. சம்பளம் தனி வழியில் கணக்கில் ஏறும். ஆக ஜாப்களின் கூலிக் கூட்டுத்தொகையும் நிஜமாகக் கொடுத்த சம்பளமும் தானாக ஒத்துப்போகாது, மாதம் ஒருமுறை நீங்கள்தான் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். டேலிக்கு நேர் எதிர் நிலை இது: டேலியில் ரூபாய் சரியாக இருக்கும், மணி நேரம் தெளிவில்லாமல் இருக்கும். இங்கே மணி நேரம் தெளிவு, ரூபாயைச் சரிபார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி வந்தால் மணி ரேட்டைத் திருத்துங்கள். அதற்குக் கீழே என்றால் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. இலவசம் என்பது உரிமத்துக்குத்தான். ஏற்றுவது, அமைப்பது, பேக்கப் எடுப்பது, அடுத்த பதிப்புக்கு மாற்றுவது, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் போனை எடுக்காத அன்றைக்குத்தான் சர்வர் படுக்கும். அதனால் சிறிய இடங்களுக்குக் கிளவுடில் மாதக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வதையே சொல்வேன்.

ஓடூ

பெல்ஜியத்து மென்பொருள், பார்க்க இவற்றிலேயே அழகானது. டைம்ஷீட் புராஜெக்டோடு இணைந்திருக்கிறது, தொழிலாளியின் பதிவில் மணிக்கு இவ்வளவு செலவு என்று போட்டால் ஜாபில் ஏறும். கம்யூனிட்டி பதிப்பு திறமூலம், என்டர்பிரைஸ் பதிப்பு பயனர் கணக்கில் கட்டணம். வசதியான பாகங்கள் பலவும் கட்டணப் பதிப்பில்தான் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு ரேட் என்பதால் மேலே சொன்ன ஓ.டி. பிரிவினைக்குச் சுற்றுவழி தேட வேண்டும். ஏற்கெனவே ஓடூவில் விற்பனையும் ஸ்டோரும் நடத்திக்கொண்டிருப்பவர்கள் அதிலேயே நேரத்தையும் எழுதலாம். இதற்காகவே புதிதாக ஓடூவுக்குள் போகக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

சிப்காட் கேட்டைத் தாண்டினால்

மேலே சொன்ன ஒப்பீடெல்லாம் ஷெட்டுக்குள் நன்றாக இருக்கும். ஆள் ஆலைக்குள் போனதும் கதை மாறும். மருந்து, இரசாயன ஆலைகளில் தீப்பிடிக்கும் ஆவி இருக்கக்கூடிய இடங்களுக்குச் சாதாரண ஸ்மார்ட்போனைக் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போன் செயலியில் டைமர், ஜி.பி.எஸ்.ஸில் இடம் காட்டுவது எல்லாம் அங்கே செல்லாது. செல்வது சட்டைப் பையில் இருக்கும் அட்டையும் பேனாவும்தான். காகிதத்தை விடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

சைட்டில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் வேலையைவிட மற்றவற்றில்தான் சுவாரசியம். காலை எட்டு மணிக்குக் கேட்டில் நிற்பார்கள். கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் ஹாட் ஒர்க் பெர்மிட், அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு. லைனைக் காலி செய்து, வாயு இருக்கிறதா என்று சோதித்து, அந்தப் பகுதி அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் முதல் தீப்பொறி. வெல்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரம், பழைய முறையில் "வெல்டிங்" என்றே எழுதப்படும். "பெர்மிட் காத்திருப்பு" என்று ஒரு ஆக்டிவிட்டி வையுங்கள். ஒரு சைட்டில் இரண்டு மாதம் எழுதிய பிறகு, அடுத்த கொட்டேஷனில் அந்த ஆலைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். பி.ஓ.வில் காத்திருப்புக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் கையில் ஆதாரம் இருக்கும். தேதியும் நேரமும், பெர்மிட் நம்பரும் எழுதிய அட்டையை எதிர்த்து யாரும் அதிகம் வாதாட மாட்டார்கள்.

போக்குவரத்து இன்னொன்று. புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 25 கிலோமீட்டர், சிப்காட் அதற்கும் தெற்கே. போக வர வேனில் போகும் நேரம் சம்பள நேரமா இல்லையா என்பது உங்களுக்கும் ஆட்களுக்கும் உள்ள ஏற்பாடு. சம்பள நேரம் என்றால் அதற்கும் ஒரு ஆக்டிவிட்டி வேண்டும்.

எல்லை தாண்டுவதில் இன்னும் இரண்டு சில்லறைச் சங்கதிகள் உண்டு. ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் புதுச்சேரியில் விடுமுறை நாள், கடலூரில் சாதாரண வேலை நாள். அன்று சைட்டுக்குப் போன புதுச்சேரி ஆளின் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஆளுக்கேற்ற விடுமுறைப் பட்டியல் வைக்க முடிகிற மென்பொருளில் (ஈஆர்பிநெக்ஸ்டில் முடியும்) இது தலைவலி இல்லை. புதுச்சேரிப் பதிவில் இருந்துகொண்டு கடலூர் ஆலைக்குப் போடும் பில், எல்லை தாண்டிய விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி.யில் போகும். பில் போடுவதும் நேரம் எழுதுவதும் வேறு வேறு மென்பொருளில் என்றால் ஜாப் நம்பர் இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்.

மழையையும் சொல்லத்தான் வேண்டும். 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல். இந்தக் கடற்கரையில் தொழில் நடத்துபவர்களுக்குக் கரண்டும் நெட்டும் நாள் கணக்கில் இல்லாமல் போவது புதிதில்லை. ஷெட்டுக்குள் வைத்த சர்வர் தண்ணீரில் நிற்கலாம், கிளவுடில் இருப்பது பத்திரமாக இருந்தாலும் அதை எட்ட முடியாமல் போகலாம். இரண்டில் கிளவுடையே தேர்ந்தெடுப்பேன். நெட் வந்த பிறகு அட்டைகளை வைத்து விட்டதை ஏற்றிவிடலாம், நனைந்த ஹார்டு டிஸ்க்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எழுதப் போவது யார்

ஒப்பீட்டில் மென்பொருளைவிட முக்கியமான கேள்வி இது என்று நினைக்கிறேன். மூன்று வழிதான்: தொழிலாளியே எழுதுவது, ஃபோர்மேன் எழுதுவது, ஆபீஸில் கேட்டு எழுதுவது. மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து ஊகிப்பதற்கு மென்பொருள் எதற்கு? தொழிலாளியே எழுதுவது நல்லதுதான், ஆனால் கையுறையைக் கழற்றி, டேப்லெட்டில் ஜாபைத் தேடி, தட்டி, மறுபடி கையுறை போடுவதை ஒரு நாளைக்கு ஆறு முறை யாரும் செய்ய மாட்டார்கள். ஃபோர்மேன் மதியம் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, அரை மணிக் கணக்கில் எழுதுவதுதான் நடைமுறையில் நிற்கிறது. ஆறு நிமிடத் துல்லியம் வக்கீல் ஆபீஸுக்கு வேண்டுமானால் தேவைப்படலாம்.

ஆக்டிவிட்டிப் பட்டியலையும் குறுக்குங்கள். ஃபிட்டப், வெல்டிங், கிரைண்டிங், திருத்த வேலை, பெர்மிட் காத்திருப்பு, பயணம், அந்த இரண்டு ஓ.டி. இதற்கு மேல் போனால் ஃபோர்மேன் எல்லாவற்றையும் முதல் வரியிலேயே போட ஆரம்பிப்பார். திருத்த வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எக்ஸ்ரே சோதனையில் தேறாமல் வெட்டி மறுபடி அடித்த வெல்டுக்குப் போன நேரம் எவ்வளவு என்று நிறைய முதலாளிகளுக்குத் தெரியவே தெரியாது.

"எங்களைக் கண்காணிக்கத்தானே அண்ணே இது?" என்று ஆட்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். நேரத்தை வைத்துச் சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றினால் எழுதுவது உண்மையாக இருக்கும். ஒருவரின் சம்பளத்தில் ஒருமுறை கைவைத்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து எல்லோரும் எட்டுக்கு எட்டு மணி எழுதித் தருவார்கள். ஈஆர்பிநெக்ஸ்டோடு சேர்த்து ஏற்றும் ஃபிராப்பே ஹெச்.ஆர். செயலியில் டைம்ஷீட்டை வைத்தே சம்பளம் போடும் வசதி இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் திறக்க வேண்டாம் என்பேன். சம்பளத்துக்கு வாசல் இயந்திரம், செலவுக்கு டைம்ஷீட். இரண்டையும் கலக்காமல் இருந்தால்தான் அந்தக் கழித்தல் கணக்கும் வேலை செய்யும்.

என் தேர்வு

மேலே சொன்ன 25 பேர் பட்டறைக்கு: நேரமும் ஜாப் செலவும் ஈஆர்பிநெக்ஸ்டில், கிளவுடில். கணக்கும் ஜி.எஸ்.டி.யும் இப்போதைக்கு டேலியிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் கணக்காளர் முதலில் எதிரியாவார், அப்புறம் விடுப்பில் போவார். இரண்டையும் ஒட்டுவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாதம் ஒருமுறை ஜாப் வாரி மணி நேரத்தை எடுத்து, அந்த விகிதத்தில் டேலியில் கூலியைக் காஸ்ட் சென்டர்களுக்குப் பிரித்தால் டேலியின் பலமும் கையில் இருக்கும். இதில் ஒரு சங்கடம், பொருள் கொள்முதல் டேலியில் மட்டும் இருந்தால் ஈஆர்பிநெக்ஸ்டின் புராஜெக்ட் பக்கத்தில் பொருள் செலவு வராது. முதல் ஆறு மாதத்துக்கு அது பரவாயில்லை. பொருள் விலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருந்தது கூலிதான்.

பத்துப் பேருக்குள் என்றால் அட்டையும் எக்செல்லும், ஜாப் நம்பரைப் பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி செல்லைப் பூட்டி வையுங்கள். இரண்டு மூன்று பெரிய ஒப்பந்தம் மட்டும் எடுப்பவர்களுக்கு டேலி. மணிக்குப் பில் போடும் சேவைத் தொழிலுக்கு ஜோஹோ புக்ஸ், யோசிக்காமல் எடுக்கலாம்.

தொடங்கும் மாதத்தையும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் கணக்காளர் தலை நிமிர மாட்டார். அக்டோபர் பாதியிலிருந்து மழை. ஜூன் அல்லது ஜூலை முதல் தேதி சௌகரியம். அன்றைக்குத் திறக்கும் புது ஜாப்களுக்கு மட்டும் எழுதுங்கள். பாதி முடிந்து நிற்கும் பழைய ஜாப்களுக்குப் போன மணி நேரத்தை ஞாபகத்திலிருந்து ஏற்ற வேண்டாம், அவை தம் போக்கில் முடியட்டும்.